பாதி நாடகத்தில் ஒரு பொன்னாடை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒருவர் தினமும் சாயங்காலம் செத்துப்போவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மூலையில் எறிந்துவிட்டு, பால் டம்ளரோடு நான் மாடிக்கு ஓடுவது அதைப் பார்க்கத்தான். "இன்னிக்கி எப்டி மிஸ்?" என்று கேட்பேன். "சாப்டாச்சா"வுக்கு அடுத்தபடியாக அவர் புரிந்துகொண்ட தமிழ் அதுதான். கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்து யோசிப்பார். பிறகு விஷம் என்பார், இல்லாவிட்டால் கத்தி என்பார், மனசு சரியில்லாத நாளாக இருந்தால் காய்ச்சல் என்பார்.

விஷத்துக்கு அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உருள மாட்டார். தன் விரல்களையே ஆச்சரியமாகப் பார்ப்பார், அவை யாரோ வேறொருவருடைய விரல்கள் போல. பிறகு முழங்கால் மெல்ல மடியும். கத்திக்குச் சிரித்துக்கொண்டே சாவார். காய்ச்சல் சாவுதான் ரொம்ப நேரம் பிடிக்கும், என் பாலில் ஆடை கட்டிவிடும். கொடியில் காயும் துணிகள் கடல்காற்றில் படபடக்க, வெயில் மஞ்சளாகித் தண்ணீர்த் தொட்டியின் மேல் விழுந்துகொண்டிருக்கும். அவர் கண்ணைத் திறந்தபடியே கிடப்பார். எனக்கு அழுகை வரும் சமயத்தில் ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிவிட்டு எழுந்து உட்காருவார்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல சாவு சாவுன்னு இன்னா வெளாட்டு அது!" என்று அம்மா கீழேயிருந்து கத்துவாள்.

மிஸ் அயர்லாந்துக்காரர். அங்கே நாற்பது வருஷம் மேடையில் நடித்தவர். சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், கடலோரக் குப்பங்களில் பயந்துபோயிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டும் பாட்டும் சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டம் வந்தது. அதில் இவரும் ஒருவர். கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது இவர் மட்டும் போகவில்லை. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தங்கிவிட்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் லண்டன் அம்மா. லண்டன் வேறு, அயர்லாந்து வேறு என்று மளிகைக் கடைக்காரரிடம் அவர் பொறுமையாக எடுத்துச் சொல்வார். கடைக்காரரும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "டேய், லண்டன் அம்மாவுக்கு ரொட்டி எடுத்துக் குடுடா" என்பார்.

அவர் கதையை எனக்கு அவர் வரிசையாகச் சொன்னதில்லை. என் இங்கிலீஷ் அப்போது மூன்றாம் வகுப்பு இங்கிலீஷ். பாதி புரியும், மீதியை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன். எப்போதும் மழை பெய்யும் ஒரு சின்ன ஊர். அப்பா கறிக்கடைக்காரர். பத்தொன்பது வயதில் ஒரு நாடகத்தில் டீ தட்டை ஏந்திக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகிற வேஷம், அதுவும் வேறொரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லாததால் கிடைத்தது. அந்தத் தட்டை அவர் வைத்த விதத்தைப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டார்களாம். அப்புறம் வேலைக்காரி, கல்யாணப் பெண், புருஷனைத் தொலைத்தவள், அம்மா என்று மேடையிலேயே வயது ஏறிக்கொண்டு போயிற்று. ராணி வேஷம் கிடைப்பதற்குள் முட்டிவலி வந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார். நாடகக் கூட்டத்தோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனதையும், வேஷ உடைகள் வைத்த பெட்டிகளின் மேல் படுத்துத் தூங்கியதையும் சொல்வார். நான் பார்த்திருந்த ஒரே மேடை எங்கள் சர்ச்சின் பங்கு மண்டபம்தான். ஆகவே அவருடைய நாற்பது வருஷத்தையும் நான் அந்த மண்டபத்துக்குள்ளேயே நடத்திக்கொண்டேன். அவர் ஊர் மழை எங்கள் தெருவில் பெய்தது. அவர் ராணியாக நின்றபோது முன்வரிசையில் எங்கள் தெருக்காரர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கும் அயர்லாந்து என்று எங்காவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது துறைமுகத்து மீன்வாடைதான்.

அவர் ஏன் ஊருக்குப் போகவில்லை என்பது அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவள் அவள். இங்கிலீஷில் தைரியமாகப் பேசுவாள். ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

"ஒருநாள் மேடையில பாதியில நின்னுபோச்சாம். வசனம் சுத்தமா மறந்துபோயி, திரைய எறக்கிட்டாங்களாம். அதுலேர்ந்து அந்தம்மா மேடையே ஏறல. ஊர்லேர்ந்து ஒரு நாடகத்துக்குக் கூப்ட்டுகினே இருக்காங்க. இவுங்க பயந்துகினு இங்க வந்து ஒக்காந்துகினு இருக்காங்க. பாவமா இருக்கு."

தினமும் இவ்வளவு அழகாகச் சாகத் தெரிந்தவருக்கு வசனம் எப்படி மறக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. பாதியில் நின்றுபோவது என்றால் பெரிய கலாட்டாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கு அணையும், யாரோ கத்துவார்கள், மிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடுவார். ராத்திரி படுக்கையில் அதை விதவிதமாக நடத்திப் பார்த்திருக்கிறேன். சத்தமில்லாமலும் அது நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இனி மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. சாமியானா, நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை, மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நனைந்த சாமியானாத் துணிகளை எங்கள் மாடியில்தான் காயப்போடுவார். கிழிந்த இடத்தைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். தைக்கும்போது வாயில் எதையோ மென்றுகொண்டே இருப்பார். பாக்கு என்று நினைத்தேன்.

மாமாவும் ஒருவகையில் நடிகர்தான். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் பங்கில் பாஸ்கா போடுவார்கள், ஏசுவின் பாடுகளை நாடகமாக. அதில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமாவுக்குச் சிப்பாய் வேஷம். அட்டைத் தொப்பியில் துடைப்பக் குச்சி சொருகிக்கொண்டு, ஈட்டியோடு சிலுவைக்கடியில் அசையாமல் நிற்க வேண்டும். வசனம் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டில் இதைச் சொல்லிக் கேலி செய்யாத நாளில்லை.

"ஏசுவோட சீடர்ல ஒரு ராயப்பர் வேஷமாவது கேட்டு வாங்கேன்டா. அந்தச் சிலுவக் கம்பத்துக்கும் ஒனக்கும் இன்னா வித்தியாசம்?" என்பாள் அம்மா.

"சிப்பாய் இல்லன்னா சிலுவ நிக்காதுக்கா" என்பார் மாமா, குழம்பை ஊற்றிக்கொண்டே.

மிஸ்ஸுக்குச் சிதம்பரம் பார்க்க வேண்டும் என்று ஆசை. சாமியே ஆடுகிற மேடை ஒன்று இருக்கிறதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா கூட்டிக்கொண்டு போனார், இங்கிலீஷ் பேச நான். அப்போது மீட்டர் கேஜ் பாசஞ்சர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரயிலுக்கு அவசரம் என்பதே கிடையாது. ஆலப்பாக்கத்தில் நின்றது, புதுச்சத்திரத்தில் நின்றது, ஒன்றுமில்லாத இடத்திலும் நின்று யோசித்தது. சவுக்குத் தோப்புகள் நகர்ந்து நகர்ந்து போயின. பரங்கிப்பேட்டையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறியது. தண்ணீரில் வெயில் அசைந்து, மிஸ்ஸின் வெள்ளைத் தலைமுடியிலும் பெட்டியின் கூரையிலும் ஒளி ஓடியது. நான் அவர் மடியில் தலைவைத்துப் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அந்தப் பாலம் முடியவே கூடாது என்று இருந்தது.

கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். தீட்சிதர் ஒருவர் திரையை விலக்கினார். எல்லோரும் கைகளைத் தூக்கிக் கும்பிட்டார்கள், சிலர் அழுதார்கள். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். உள்ளே தங்க வில்வ மாலை தொங்கிற்று. அதற்குப் பின்னால் யாருமில்லை. வெறும் இடம்தான் இருந்தது. திரை மறுபடி மூடிவிட்டது. மிஸ் என் கையைப் பிடித்திருந்தார், அந்தப் பிடி வலித்தது. எங்கே சாமி என்று மாமாவிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

மாமா கிறிஸ்தவர்தான், ஆனால் கடைக்காரர், எல்லாக் கோயில் விசேஷத்துக்கும் நாற்காலி போட்டவர். "அங்கதான் இருக்காரு. நமக்குத் தெரியல, அவ்ளோதான். காலியா இருந்தாலும் அது மேடைதான்னு சொல்லு" என்றார்.

நான் என் இங்கிலீஷில் அதைச் சொன்னேன். மிஸ் நடந்துபோய்க் குளத்துப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோபுரம் தண்ணீரில் தலைகீழாக நின்றது, மீன் துள்ளும்போதெல்லாம் அது உடைந்து உடைந்து சேர்ந்துகொண்டது. திரும்பி வரும்போது, பாலத்தின் சத்தத்துக்கு நடுவே, தான் மறுபடியும் ஒருதரம் நடித்துப் பார்க்கப் போவதாக என்னிடம் சொன்னார். இங்கேயே, எங்கள் ஊரிலேயே. முடிவுவரை போக முடிந்தால் ஊருக்குப் போய் அந்த நாடகத்துக்குச் சரி என்று சொல்லிவிடுவார். முடியாவிட்டால் இந்த ஜன்மத்துக்கு மேடை போதும். நான் அதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். மாமா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, "சாமியானா காசு வேணாம்னு சொல்லு" என்றார்.

பங்குத் திருவிழாவில் ஒரு சாயங்காலம் ஒதுக்கினார் ஃபாதர். ஒருவர் மட்டுமே நடிக்கும் நாடகம், இங்கிலீஷில். ஒரு தாய். மகள் கப்பலேறி அமெரிக்கா போய்விட்டாள். தாய் தினமும் சாயங்காலம் டீ போட்டு, எதிரே ஒரு காலி நாற்காலி வைத்து, மகள் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசிக்கொண்டிருப்பாள். கடைசியில் இரண்டாவது கோப்பையிலும் டீயை ஊற்றிவிட்டு விளக்கை அணைப்பாள். அவ்வளவுதான் கதை.

அதற்கப்புறம் மாடியில் சாவு நின்றுபோயிற்று. மிஸ் தினமும் அந்த வசனங்களையே சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவின் மடக்கு நாற்காலிதான் மகள். எனக்கு அர்த்தம் கொஞ்சம்தான் புரிந்தது, ஆனால் கேட்டுக் கேட்டு அது ஒரு தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. பலநாள் அதன் நடுவிலேயே சாமியானாத் துணி மேல் தூங்கிப்போயிருக்கிறேன். சில சமயம் அவர் சட்டென்று நிறுத்துவார். விரலில் கிடக்கும் மோதிரத்தைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி உருட்டுவார். பிறகு பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு வந்து முதலிலிருந்து தொடங்குவார். மோதிரம் சுற்றினால் தாகம் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஓரத்தில் மாமா தைத்துக்கொண்டிருந்தார், மென்றுகொண்டிருந்தார்.

அந்தச் சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. லண்டன் அம்மா நாடகம் என்று முதுநகர் முழுக்கப் பேச்சு. ஃபாதர் முன்னமே கதையைத் தமிழில் சொல்லிவிட்டார். முடிந்ததும் பொன்னாடை போர்த்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முன்வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் காத்திருந்தார். போர்த்த வேண்டிய பொன்னாடை, சிவப்பில் ஜரிகைக் கரை போட்ட சால்வை, மாமாவின் அக்குளில் இருந்தது. மைக் செட் அவருடையது, ஆகவே மேடைப் படிக்குப் பக்கத்தில் அவர் நின்றார். அம்மா ஜெபமாலையை விரலில் ஓட்டிக்கொண்டிருந்தாள். மிஸ் முடிவுவரை போகவேண்டும் என்பது அவளுக்குத் தன் பெண்ணின் பரீட்சை மாதிரி ஆகியிருந்தது.

மிஸ் வந்து உட்கார்ந்தார். அம்மாவின் பழைய நூல் புடவையைக் கட்டியிருந்தார். பேச ஆரம்பித்ததும் மண்டபத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் புரிந்திருக்காது. ஆனால் பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ இல்லாத வீடு அந்தக் கூட்டத்தில் குறைவு. காலி நாற்காலியைப் பார்த்து அவர் "சாப்பிட்டாயா" என்கிற மாதிரி எதையோ கேட்டபோது, என் பின்னாலிருந்த ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

பாதிக்குமேல் போயிருக்கும். மிஸ் எழுந்து நின்றார், நாற்காலியை நோக்கிக் கையை நீட்டினார், பேச வாயெடுத்தவர் அப்படியே நின்றார். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேலே மின்விசிறி மட்டும் டக் டக் என்று ஓடியது. எவ்வளவு துக்கம் அந்த நிற்பில்! பெண்கள் அழவே தொடங்கிவிட்டார்கள். மிஸ் மெதுவாக உட்கார்ந்தார். நீட்டிய கை மடிக்கு வந்தது. கட்டைவிரல் மோதிரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. ஐயோ, தாகமெடுக்கிறது போல, மேடையில் தண்ணீர் வைக்க மறந்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாமா மேடை ஏறினார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அக்குளிலிருந்த சால்வையை உதறி விரித்தார். நேராகப் போய், அழுதுகொண்டிருக்கும் அந்தத் தாயின் தோளில் போர்த்தினார். குனிந்து, முனைகளை இழுத்துச் சரிசெய்தார். கழுத்தருகே ஜரிகை மடிந்திருந்ததை நீவிவிட்டார். பிறகு மைக்கை எடுத்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்த நல்ல நேரத்துல, அயர்லாந்து தேசத்துலேர்ந்து நம்ம முதுநகருக்கு வந்து, இம்மாம் அருமையா நடிச்சிகினு இருக்கற நம்ம மேடம் அவுங்களுக்கு..."

மண்டபம் கொல்லென்று சிரித்துவிட்டது. தலைமையாசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். "எறங்குய்யா!" "யோவ், நாடகம் முடியலய்யா!" என்று நாலாபக்கமும் கத்தினார்கள். பின்னாலிருந்து விசில் பறந்தது. மாமா அசரவில்லை. ஃபாதருக்கு நன்றி சொன்னார், வந்தவர்களுக்கு நன்றி சொன்னார், வாசலில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் நீலக் கலர் வண்டியை எடுக்கச் சொன்னார். கடைசியில், "கல்யாணம், காதுகுத்து, சாமியானா, மைக் செட், எதுவா இருந்தாலும் நம்ம கடைய அணுகுங்க" என்றும் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இத்தனைக்கும் நடுவே மிஸ் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் நின்றுவிட்டிருந்தது. மாமா அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

சிரிப்பு அடங்கும்வரை மிஸ் காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, எதிர் நாற்காலியைப் பார்த்து, கெட்டில் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது என்றார். அந்த வரி எனக்குத் தெரியும், மாடியில் எத்தனையோ தடவை கேட்டது. அவ்வளவுதான், மண்டபம் பழையபடி அவர் கைக்குப் போய்விட்டது. வசனம் ஆறு மாதிரி வந்தது. சால்வையை அவர் கழற்றி எறியவில்லை. குளிரும் கிழவியைப் போல அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசினார். கடைசியில் இரண்டாவது கோப்பையில் டீயை ஊற்றினார். மெல்ல எழுந்து, அந்தச் சால்வையை எடுத்து, காலி நாற்காலியின் தோளில் போர்த்திவிட்டு விளக்கை அணைத்தார். அப்புறம் தட்டிய தட்டலில் புறாக்கள் கிளம்பிவிட்டன.

மாமாவுக்கு அன்று கிடைத்த அர்ச்சனையைச் சொல்லி முடியாது. "ஒனக்கு அறிவு இருக்கா? சாவு வீட்டுல கூட வெளம்பரம் பண்ணுவ போல" என்றார் ஃபாதர். தலைமையாசிரியர் டிபன்கூடச் சாப்பிடாமல் போனார். அம்மாதான் அதிகம்.

"மானத்த வாங்கிட்டியேடா! அந்தம்மா எம்மாம் நாளா தவம் கெடந்தாங்க. நல்லா போய்கினு இருந்தத கெடுக்கப் பாத்தியே!"

"அவசரப்பட்டுட்டன்கா" என்று மாமா தலையைச் சொறிந்தார். "நடிப்பு அம்மாம் நல்லா இருந்திச்சி, கை தாங்கல."

அம்மா மிஸ்ஸிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். உங்கள் தம்பிக்கு நல்ல மேடைப் பழக்கம் இருக்கிறது என்று மிஸ் சொன்னாராம். "எவ்ளோ பெரிய மனசு பாரு" என்று அம்மா அதற்கும் சேர்த்து மாமாவைத் திட்டினாள். பல நாள் அவரோடு பேசவில்லை, தட்டை ணங் என்று வைப்பாள். தெருவில் அவருக்குப் பொன்னாடை என்றே பேர் விழுந்துவிட்டது. "தோ பொன்னாடை வராரு, தோள மூடிக்கோங்க" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். மாமா எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார்.

மிஸ் ஊருக்குக் கிளம்பினார். அந்த நாடகத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டார். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறுமுன் என்னைக் கட்டிக்கொண்டார், அம்மாவைக் கட்டிக்கொண்டார். பிறகு பையிலிருந்து அந்தச் சிவப்புச் சால்வையை எடுத்து விரித்து, அத்தனை பேர் பார்க்க, மாமாவின் தோளில் போர்த்தினார். மாமா தலையைக் குனிந்து நின்றார். நாங்கள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம். "நல்லா வேணும் ஒனக்கு! குடுத்தத திருப்பிக் குடுத்துட்டாங்க பாரு" என்றாள் அம்மா, அன்றுதான் மறுபடி பேசினாள். மிஸ்ஸின் கண் நிறைந்திருந்தது. ஊரைவிட்டுப் போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், உள்ளே ஒரு போட்டோவோடு. மிஸ் ஏதாவது ஒரு மேடையில், ஏதாவது ஒரு வேஷத்தில். அம்மா அதையெல்லாம் ஷோகேஸில் வரிசையாக வைத்தாள். சால்வையை மாமா வீணாக்கவில்லை. அடுத்த பாஸ்காவிலிருந்து அதுதான் அவருடைய சிப்பாய் மேலங்கி. "ரோமாபுரிச் சிப்பாய்க்கு ஜரிகைக் கரையா? கஞ்சப் பிசினாறி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாசஞ்சர் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தை மாற்றி, மறுபடி விட்டார்கள். மாமாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த நாற்காலியும் அந்தச் சாயங்காலங்களும் எனக்கு எப்போதோ கண்ட கனவு மாதிரி ஆகிவிட்டன. 2011 கிறிஸ்துமஸுக்கு அட்டை வரவில்லை.

அடுத்த தவக்காலத்தில் எனக்குப் பதினைந்து வயது. பாஸ்காவில் எருசலேம் பெண்களில் ஒருத்தியாக என்னைச் சேர்த்தார்கள். சிலுவைக்கடியில் அழுதுகொண்டு நிற்க வேண்டும். அதற்குமுன் எப்போதும் கூட்டத்தில் உட்கார்ந்தே பார்த்தவள் நான். முதல்முறையாக மாமாவுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றேன். ஏசு வேஷம் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிற ஒரு அண்ணனுக்கு. வேதத்தில் ஏசு சிலுவையில் சொல்வது ஏழு வாக்கியம்தான், எங்கள் பாஸ்காவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வசனம். கையை விரித்துக் கட்டியிருக்கும். குறிப்புப் பார்க்க வழியில்லை. மறைவில் நின்று எடுத்துக்கொடுத்தால் அவர் காதுக்கு எட்டாது.

மூன்றாவது வாக்கியத்தின் நடுவில் அண்ணன் நின்றார். தலை தொங்கியது. கூட்டத்தில் பெண்கள் விம்மினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் வேதனை இல்லை, பயம் இருந்தது. வசனம் போய்விட்டிருந்தது.

பக்கத்தில் மிகச் சன்னமாக ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். மாமா ஈட்டியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார், இமைகூட அசையவில்லை. தொப்பிக்குக் கீழே வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது. மாடியில் சாமியானா தைக்கும்போது மென்ற அதே மாதிரி. வரி மேலே போய்ச் சேர்ந்தது. அண்ணன் தலையைத் தூக்கி மிச்சத்தைக் கணீரென்று சொன்னார். இத்தனை வருஷமும் வசனமில்லாத வேஷம் என்று நாங்கள் சிரித்தவருக்கு எல்லா வசனமும் மனப்பாடம்.

காற்றில் அந்தச் சிவப்புச் சால்வை என் கையில் வந்து பட்டது. மோதிரத்தைச் சுற்றும் கட்டைவிரல், குனிந்து கழுத்தருகே ஜரிகையை நீவிய மாமா, மிஸ்ஸின் காதோரம் மென்ற அவர் வாய், முடியவே முடியாத அந்தப் பேச்சு, கெட்டில் இன்னும் சூடாக இருக்கிறது, எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நின்றன. நான் அழுதேன். நிஜமாகவே, தாங்காமல், முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நாடகம் முடிந்ததும், "ஒங்க பொண்ணு இன்னாம்மா நடிக்கிறா!" என்று அம்மாவிடம் நாலுபேர் சொன்னார்களாம்.

மண்டபம் காலியானதும் மாமா நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனேன். யாருக்கும் கேட்காமல் கேட்டேன்.

"மாமா, அன்னிக்கி மிஸ் மறந்துட்டாங்களா?"

மாமா கையிலிருந்த நாற்காலியை மடக்கிச் சாய்த்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"யாரு மறந்தா? அவுங்க ஒண்ணும் மறக்கல. நான்தான் அவசரப்பட்டுட்டன்" என்றார். தோளிலிருந்து சால்வையை எடுத்து நாலாக மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டார். "வா, அந்த வரிச நாற்காலிய நீ மடி."